ஒரே சீட்டில் இரண்டு நோய்

குடிப்பழக்கம் உள்ளவர் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் நான் கேட்பது கடைசியாக எப்போது குடித்தார் என்பதைத்தான். "நேத்து ராத்திரி" என்றால் போதாது. எத்தனை மணிக்கு, என்ன சரக்கு, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வேன். நடுக்கம் எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும். கூட வந்த மனைவிக்கோ அம்மாவுக்கோ இந்த இடத்தில் பொறுமை போய்விடும். "அவரு குடிக்கிறது ஊருக்கே தெரியும் மேடம். அதுக்கு வரல. ராத்திரி பூரா தூங்காம தனியா பேசிக்கிட்டிருக்காரு, அதைப் பாருங்க" என்பார்கள். அதைப் பார்ப்பதற்காகத்தான் கேட்கிறேன். குடியைத் திடீரென்று நிறுத்தியவருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் வருகிற ஆபத்தாக அது இருக்கலாம். பல வருடமாக உள்ளே இருக்கும் மனநோயாகவும் இருக்கலாம். முதலாவதென்றால் இன்றைக்கே படுக்கையில் சேர்க்க வேண்டும். இரண்டாவதென்றால் வைத்தியமே வேறு. மணிக்கணக்கு தெரியாமல் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

காவிரிக் கடைமடையில் உள்ள ஒரு மாவட்டத்தில், மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். டாக்டர் மாத்திரை எழுதுவார். அந்த மாத்திரையை வீட்டில் யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், ஏன் பாதி அட்டை மீந்திருக்கிறது என்று பார்ப்பது என் பாடு. தலைமை மருத்துவமனை ஓ.பி. தவிர தாலுகா மருத்துவமனைகளுக்கும் முறை வைத்துப் போகிறோம். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் படுக்கையில் சேர்வதில்லை. காலையில் பஸ் ஏறி வந்து, சீட்டுப் போட்டு, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு மதியம் தங்கள் தெருவுக்கே திரும்பிவிடுவார்கள். அங்கே அதே கூட்டாளிகள், அதே கடன், அதே கடை. நடுவில் மாத்திரையும் நாங்கள் பேசியதும் மட்டும் புதிது.

குடியும் மனநோயும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஐந்து ஊர்களில் சுமார் இருபதாயிரம் பேரை விசாரித்து 1990இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துச் சொல்வது. ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், பைபோலார் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கும், வாழ்நாளில் எப்போதாவது மதுவோ மற்ற போதையோ நோய் என்று சொல்லும் அளவுக்கு இருந்திருக்கிறது. குடிநோய் உள்ளவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மனநோயும் இருந்தது. நம் ஊர்க் கணக்கு அப்படியே அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மேசைக்கு எதிரே உட்காருகிறவர்களைப் பார்த்தால் அந்த எண்கள் எனக்கு ஆச்சரியம் தரவில்லை.

அப்படியிருந்தும் இவர்களுக்கு நம் ஊரில் இரண்டு வாசல். மனநலத் திட்டம் சுகாதாரத் துறையுடையது. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் போதை மறுவாழ்வு இல்லங்களுக்கு மத்திய அரசில் பணம் தருவது சமூகநீதி அமைச்சகம். படிவம் வேறு, பதிவேடு வேறு, பயிற்சி வேறு. நடுவில் மாட்டிக்கொள்வது நோயாளி. மறுவாழ்வு இல்லத்துக்குப் போனால், "காதுல குரல் கேக்குதுங்கிறான், முதல்ல மனநல டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்பார்கள். சில டாக்டர்களிடம் போனால், "முதல்ல குடியை நிறுத்திட்டு வரட்டும், அப்புறம் மாத்திரை எழுதுறேன்" என்பார்கள். வீட்டில் இன்னொரு வழக்கு: "மனசுல கவலை இருக்கு, அது போனா குடியைத் தானா விட்டுடுவான்." எது முதலில் என்ற இந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு உதவி கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மிச்சம் 37 பேரில் எத்தனை பேரை எந்த வாசலிலிருந்து யார் திருப்பி அனுப்பினார்களோ.

சட்டத்தில் இந்தப் பிரிவினை கிடையாது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பொருள் பயன்பாட்டோடு சேர்ந்து வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. எனவே "குடிகாரனுக்கு இங்க வைத்தியம் இல்ல" என்று ஒரு மனநல ஓ.பி. சொல்ல முடியாது.

ஒரு கொத்தனாரின் கதையைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதை நெருங்கும் வயது. கை சுத்தமான வேலைக்காரர் என்று பெயர். வருஷத்தில் பத்து மாதம் குடிக்க மாட்டார். பங்குனி வந்தால் ஆள் மாறிவிடுவார். வீட்டில் எல்லோரும் அவரைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: கோயிலில் கயிறு கட்டினால் கட்டுப்படுவார், பங்குனியில் கயிற்றை அறுத்துவிடுவார். குடியை விட விரும்புகிறவர்கள் சாமி முன்னால் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வது இங்கே பழக்கம். அதை நான் ஒருநாளும் குறைவாகப் பேசியதில்லை. சில பேருக்கு எங்கள் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது. இவர் விஷயத்தில் ஏன் எல்லா வருஷமும் ஒரே மாதத்தில் அறுந்தது என்பதுதான் கேள்வி.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டு, சித்திரை முதல் பங்குனி வரை மாதங்களைக் குறித்தேன். கோட்டுக்கு மேலே தூக்கம், கீழே குடி. மனைவி சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு வந்தோம். இந்தத் தாளைப் போட ஒரு மணி நேரம் பிடிக்கும். ஓ.பி. கூட்டத்தில் ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிய காரியம் என்பதால் டாக்டர்கள் இந்த வேலையை எங்களிடம் விடுவார்கள். கடைசியில் கேட்டேன்: "பங்குனியில முதல்ல என்ன மாறுது? குடியா, தூக்கமா?" அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "தூக்கம்தான் மேடம். பாட்டில் வாங்குறதுக்கு ஒரு வாரம் முந்தியே விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு வாசலைக் கூட்ட ஆரம்பிச்சிடுவாரு. ஆம்பளை வாசலைக் கூட்டுறாரேன்னு தெருவே சிரிக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்ததுதான். இரண்டு மணி நேரத் தூக்கம் போதும் என்பார். ஒரே நேரத்தில் மூன்று வீட்டு வேலைக்கு அட்வான்ஸ் வாங்குவார். அய்யனாருக்குக் கிடா வெட்டி ஊருக்கே சோறு போடுவார். எதிர்த்துப் பேசினால் கை ஓங்குவார். கடை திறக்கிற பன்னிரண்டு மணிக்கே குடி ஆரம்பித்துவிடும். வைகாசியில் எல்லாம் அடங்கி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்; எழுந்து முகம் கழுவக்கூடக் காலையில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ள வேண்டும். முதல் பாதிக்கு ஊர் வைத்த பெயர் கொழுப்பு. இரண்டாவது பாதிக்கு வைத்த பெயர் அவமானம். டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பைபோலார் என்றார். மனம் சில வாரம் அளவுக்கு மீறி எழும்பும், சில வாரம் அளவுக்கு மீறித் தாழும். இந்த ஆளின் குடி அந்த எழுச்சியின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. வந்தபின் எழுச்சியை இன்னும் விசிறிவிடுகிறது, தாழ்ச்சியை இன்னும் ஆழமாக்குகிறது.

எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்றால், மருந்து மாறுகிறது. படுத்துக் கிடந்த ஒரு வைகாசியில் யாரோ ஒரு டாக்டர் இவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்திருந்தார். பைபோலார் உள்ளவருக்கு அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சில சமயம் மனம் எழுச்சிப் பக்கம் தள்ளப்பட்டுவிடும். இவருக்கு வேண்டியது மனநிலையைச் சமமாக வைத்திருக்கும் மருந்து. லித்தியம் தொடங்கினார்கள். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949இல் இதன் பலனை எழுதினார். இன்னும் இதற்கு நிகர் குறைவு. தொடங்குமுன் சிறுநீரகமும் தைராய்டும் பார்க்க வேண்டும். தொடங்கிய பின், கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். குறைந்தால் பலனில்லை, கூடினால் விஷம்.

சித்திரை வெயிலில் சாரத்தில் நின்று பூசுகிறவர் வேர்வையில் உப்பையும் தண்ணீரையும் இழந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். முதுகு வலிக்கிறது என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டால் அதுவும் ஏற்றும். குடித்து வாந்தி எடுத்தாலும் அப்படித்தான். எனவே அந்தக் கொத்தனாரிடம் நாங்கள் பேசியதில் பாதி குடியைப் பற்றியே இல்லை. தண்ணீர் பாட்டில், மோர், எந்த வலி மாத்திரை கூடாது, கை நடுக்கமும் தள்ளாட்டமும் வந்தால் அது சரக்கால் வந்ததென்று வீட்டார் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதெல்லாம்தான் பேச்சு.

குடியை நிறுத்திய அந்த முதல் வாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுவோடு பல வருடம் பழகிய மூளையிடமிருந்து ஒரே நாளில் அதைப் பிடுங்கினால் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இன்னும் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் எறும்பு ஊர்கிறது, வாசலில் அடிக்க ஆள் நிற்கிறது என்பார்கள், நாள் கிழமை தெரியாது. இதற்கு டெலிரியம் என்று பெயர், உயிரை எடுக்கக்கூடியது. காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. "குடியை நிறுத்துனதாலதான் பைத்தியம் புடிச்சிடுச்சு" என்று மறுபடி ஊற்றிக் கொடுக்கிறவர்களும் உண்டு. இரண்டும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம் அது.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. முன்பு வலிப்போ டெலிரியமோ வராதவர், மஞ்சள் காமாலை இல்லாதவர், சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லாதவர், வீட்டில் பொறுப்பாகப் பார்க்க ஓர் ஆள் உள்ளவர் என்றால் ஓ.பி.யிலேயே நிறுத்த வைக்கலாம். குளோர்டயசெபாக்சைடு போன்ற ஒரு மாத்திரையை முதல் நாள் கூடுதலாகவும் பிறகு நாளுக்கு நாள் குறைத்தும் ஒரு வாரம்போல் கொடுப்பார்கள். அட்டை மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் மூச்சே அடங்கிப்போகலாம் என்பதால் குடித்திருந்தால் அன்றைக்குக் கொடுக்காமல் எங்களுக்குப் போன் போட வேண்டும். முதல் சில நாள் நானே காலையில் போன் செய்து கேட்பேன். கூடவே தயாமின் என்ற பி1 வைட்டமின். "தெம்பே இல்ல, ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க" என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போகிற வழக்கம் நம் ஊரில் உண்டே, அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாள்பட்ட குடிகாரரின் உடம்பில் தயாமின் வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு. கண் நிலைகொள்ளாமல், நடை தள்ளாடி, ஞாபகம் நிரந்தரமாகப் போய்விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பி1 முதலில், குளுக்கோஸ் பிறகு.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. "ஒரு குவார்ட்டர்தான் மேடம்" என்று சொல்லாதவர் கிடையாது. குவார்ட்டர் என்றால் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் அறுபது கிராம். மருத்துவத்தில் ஒரு அளவு என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்வது பத்து கிராம்தான். ஆக, ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. இதைத் தாளில் போட்டுக் காட்டினால் வாக்குவாதம் செய்யாமல் கேட்டுக்கொள்கிறார்கள். கொத்தனார்களுக்குக் கணக்கு பிடிக்கும்.

நான் இதுவரை சொன்னதை வைத்து, குடிப்பவர் எல்லோருக்கும் முதல் நாளே மனநோய் மாத்திரையும் எழுத வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வு விஷயத்தில் பொறுமை வேண்டும். மதுவே மனத்தைச் சோரவைக்கும் பொருள். அமெரிக்காவில் பிரவுன், ஷுக்கிட் என்ற இருவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குடியை நிறுத்தச் சேர்ந்த 191 ஆண்களில் 42 சதவீதம் பேருக்குக் கடுமையான சோர்வு இருந்தது. நாலு வாரம் குடிக்காமல் இருந்தபோது அது 6 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதனால்தான் பல டாக்டர்கள் சில வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். காத்திருப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி. ஆனால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வேறு, வாரா வாரம் வரவழைத்துப் பார்த்துக்கொண்டே காத்திருப்பது வேறு. சாகும் எண்ணம், காதில் குரல், பைபோலார் எழுச்சி, குடிக்கத் தொடங்கும் முன்பே வந்த சோர்வு என்றால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்து போனபின் எங்கள் பக்கம் பார்த்த ஒரு தென்னை விவசாயி நினைவுக்கு வருகிறார். மரம் மொத்தமும் சாய்ந்துவிட்டது. தென்னை வைத்துக் காய்ப்பதற்கு ஐந்தாறு வருஷமாவது ஆகும், அவருக்கு அப்போதே அறுபது. அதுவரை கல்யாணம், காரியம் என்று மட்டும் குடித்தவர் தினமும் குடிக்க ஆரம்பித்தார். தூக்கம் வருவதற்கு என்றார். மது தூங்கவைப்பது உண்மை. நடு ராத்திரி எழுப்பிவிடுவதும் உண்மை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு வெறுந்தோப்பையே நினைத்துக்கொண்டிருப்பார். குடியை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேலாகியும் சோர்வு போகவில்லை. அதன்பின் மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கினார்கள். நிவாரணப் படிவம் நிரப்பித் தந்ததும் அவர் சிகிச்சையில் சேர்த்திதான் என்று நான் கருதுகிறேன். டாக்டர் சிரித்தார்.

பேசும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை ஒன்றுண்டு. அறிவுரை சொல்லாமல், மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே வரவைப்பது. நான் கேட்பேன்: "குடிச்சா என்ன நல்லது?" மனைவி என்னை முறைப்பார். அவர் நம்பாமல் பார்ப்பார். பிறகு மெல்ல வரும். ஒரு இளைஞன், "அந்தப் பேச்சுக் கொரலு கொஞ்ச நேரம் கம்முனு இருக்கும்க்கா" என்றான். காதில் குரல் கேட்பதை அதுவரை வீட்டில் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. குடிக்காக அழைத்து வந்த பையன் அவன். இன்னொருவனுக்குக் கஞ்சா. அது மனத்தை லேசாக்குகிறது என்று நம்பினான். அவன் சந்தேகங்களை வளர்த்ததே அதுதான். என்ன கேட்கிறது, எதற்காகக் குடிக்கிறார் என்று தெரிந்தால்தான் அதற்கு மாற்றாக எதைத் தருவது என்று யோசிக்க முடியும்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிறார்களே, குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்த மருந்து என்று, அந்த விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்டு. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். தெரிந்து, சம்மதித்து, பரிசோதனைகள் செய்து எடுப்பவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் சாம்பாரில் கலந்தால் ஆளே போய்விடலாம். அதோடு அது சிலருக்கு மனப்பிறழ்வைக் கிளப்பிவிடும். நீண்ட நாள் குடித்தவர்களிடம் சந்தேக நோய் சகஜம். மனைவி சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று உறுதியாக நம்புகிற ஒருவரின் சோற்றில் அந்த அம்மா உண்மையாகவே கலந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் போய் உங்கள் சந்தேகம் நோய் என்று எப்படிச் சொல்வது?

குடிக்கும் ஆசையைக் குறைக்க இப்போது வேறு மருந்துகளும் இருக்கின்றன. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இரண்டும் முக்கியமானவை. கல்லீரல் கெட்டவருக்குப் பாக்லோஃபென் கொடுத்துப் பார்ப்பார்கள். இவற்றை மனநோய் மருந்துகளோடு சேர்த்து ஒரே டாக்டர் எழுதினால்தான் எது எதோடு ஒத்துப்போகும் என்று பார்க்க முடியும். புகையிலும் இந்தக் கணக்கு உண்டு. க்ளோசபின் போன்ற சில மருந்துகளைப் பீடிப்புகை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். பீடியைத் திடீரென்று விட்டவருக்கு அதே அளவு மாத்திரை கூடுதலாகிவிடும், பகலெல்லாம் தூங்குவார். பீடி விட்டதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மறுவாழ்வு இல்லங்களில் பல நன்றாக நடக்கின்றன. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனையிலிருந்துதான் தமிழ்நாட்டில் பலர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டோம். திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய கிராம முகாம்களைப் பற்றி எங்கள் சீனியர்கள் இன்றும் பேசுவார்கள். ஆனால் வேறு விதமான இடங்களும் உண்டு. எங்கள் கொத்தனாரை ஒருமுறை உறவினர்கள் அப்படி ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். மாத்திரையும் ஒரு போதைதான் என்று சொல்லி அங்கே லித்தியத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது குடி இல்லை, தூக்கமும் இல்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களிலும் சிலர் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்த அமைப்பு வெளியிட்ட சிறு நூலே, மருந்து விஷயத்தில் உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று சொல்கிறது. 2025இல் தமிழக அரசு கலங்கரை என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. மனநலப் பிரிவு இருக்கும் அதே கட்டடத்தில் இது நடந்தால் பாதி அலைச்சல் குறையும்.

பெண்கள் எங்களிடம் போதைக்கென்று வருவதேயில்லை. வயிற்றெரிச்சல், தலைவலி என்று பொது ஓ.பி.யில் சுற்றிக் கடைசியில் வருவார்கள். படபடப்புக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த அல்ப்ரசோலம் மாத்திரையை வருஷக்கணக்காகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதைத் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், படபடப்புக்குச் சரியான வைத்தியத்தைத் தொடங்கிக்கொண்டே.

மறுபடி குடித்துவிட்டால்? குடிப்பார்கள். "மாத்திரை போடுற அன்னிக்குக் குடிக்கக் கூடாது" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, குடிக்கிற அன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் சறுக்கல் பத்து நாள் மாத்திரை இல்லாமல் போய் முடியும், குடியோடு மனநோயும் திரும்பி வந்து நிற்கும். இதற்குப் பொது விதி கிடையாது. டைசல்ஃபிராமும் தூக்க மாத்திரையும் மதுவோடு கூடவே கூடாது. மனச்சோர்வு, மனப்பிறழ்வு மாத்திரைகளில் பலவற்றை ஒரு சறுக்கலுக்காகப் பல நாள் விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. "சறுக்கினா எதை நிறுத்தணும், எதை நிறுத்தக் கூடாது" என்று முன்கூட்டியே கேட்டுச் சீட்டின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் திட்டுவார்கள் என்று பயப்படாதீர்கள். திட்டினாலும் எழுதி வாங்குங்கள்.

அந்தக் கொத்தனார் வீட்டில் போன பங்குனியில் வாசல் கூட்டும் சத்தம் மூன்று மணிக்குக் கேட்டதும் அந்த அம்மா அன்று காலையே போன் செய்தார். அந்த வாரமே வந்தார்கள். மருந்தைக் கூட்டினார்கள். இரண்டு நாள் குடித்தார். மூன்றாவது அட்வான்ஸ் வாங்கவில்லை, ஏ.டி.எம். கார்டு தங்கச்சியிடம் இருந்தது. கிடா வெட்டினார், அது வேண்டுதலாம். வேலைக்குத் திரும்பிவிட்டார். இதை வெற்றி என்று என் பதிவேட்டில் குறிக்கக் கட்டம் எதுவும் இல்லை.

வர நினைப்பவர்களுக்குச் சில விஷயம். காலையில் வாருங்கள், கடை திறப்பதற்கு முன். பழைய மாத்திரை அட்டைகளை, காலியானவற்றையும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கூடவே ராத்திரியில் அவர் பக்கத்தில் இருக்கும் ஆள் வரட்டும். தூக்கத்தைப் பற்றி மாமனாரால் சொல்ல முடியாது. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அது வந்துவிடாது. அவசரத்துக்கு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம். போதைக்கென்று தனியாக 14446.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் வாருங்கள். இதைப் பலர் நம்புவதில்லை. ஆளே இல்லாமல் என்ன வைத்தியம் என்பார்கள். உங்களுக்கே தூக்கம் போயிருக்கும், உங்களிடம்தான் கதையும் இருக்கும். நீங்கள் ஒரு தடவை வந்து போனால் அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ, "எம் பொண்டாட்டி இங்க வந்து என்னைப் பத்தி என்ன சொல்லிட்டுப் போறா?" என்று சண்டை போடவே ஒருவர் வந்து நிற்பார். நாங்கள் உட்காரச் சொல்லி அவர் பெயரில் ஒரு சீட்டைப் போட்டுவிடுவோம்.